நாற்பத்தொன்பதுக்கு மேல் எழுதக் கூடாது

ஏலத்தோட்டத்தில் ரைட்டர் வேலை என்பது, காலையில் ஆட்களின் பெயரை எழுதுவதும், சாயங்காலம் அந்தப் பெயருக்கு உரியவர்கள் எல்லாரும் முழுசாகத் திரும்பி வந்துவிட்டார்களா என்று பார்ப்பதும்தான். கேட்கச் சுலபமாக இருக்கும். எங்கேயாவது, யாருக்காவது கீழே பேரேடு தூக்கிப் பிழைத்தவர்களுக்குத்தான் இதில் உள்ள அவஸ்தை தெரியும். மேலே இருப்பவர் ஒன்றை எழுதச் சொல்வார், எதிரே நிற்பவர் வேறொன்றாக இருப்பார், பேனா மட்டும் நம் கையில் இருக்கும். நீங்களும் அப்படி ஒரு நாற்காலியில் உட்கார்ந்தவர் என்றால், கொஞ்சம் தள்ளி உட்காருங்கள், நானும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறேன்.

நான் போடிக்காரன். எழுபதுகளின் கடைசியில், போடிமெட்டைத் தாண்டிக் கேரள எல்லைக்குள் இருந்த ஒரு தோட்டத்தில் ரைட்டராகச் சேர்ந்தேன். தோட்டம் கேரளாவில், முதலாளி போடியில், ஆட்கள் பெரும்பாலும் தேவாரம் பக்கத்துக்காரர்கள். சட்டம் என்றால் கோர்ட்டு, வக்கீல், கறுப்புக் கோட்டு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

தேயிலைப் பிள்ளையும் ஏலக்காய்ப் பிள்ளையும்

எங்கள் தோட்டத்துக்கு எதிர்மலையில் ஒரு தேயிலைத் தோட்டம் இருந்தது. அங்கே வேலைக்குப் போகிற பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுப் போக ஓர் அறை உண்டு. பிள்ளைக் காம்பரா என்பார்கள். ஓர் ஆயா இருப்பாள், பால் இருக்கும், தொட்டில் வரிசையாக இருக்கும். எங்கள் பக்கத்தில் மரக்கிளையில் சேலையைக் கட்டிப் பிள்ளையைப் போட்டுவிட்டு, அட்டை ஏறாமல் இருக்கத் தொட்டில் கயிற்றில் உப்பும் புகையிலையும் தடவிவிட்டுத் தாய் காயெடுக்கக் குனிவாள். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை, அடித்தூரில் காய்க்கிறது. நாள் முழுக்கக் குந்திக்கொண்டே நகர வேண்டும். தொட்டில் ஓரிடத்தில் இருக்கும், தாய் ஓரிடத்தில் இருப்பாள்.

சேர்ந்த புதிதில் துடிப்பாக இருந்தேன். முதலாளியிடம், நமக்கும் ஒரு காம்பரா கட்டினால் என்ன என்று கேட்டேன். அவர் கெட்ட மனுஷர் இல்லை. சட்டையில் பொத்தான் விழுந்தால் அது விழுந்த இடத்தைத் தேடிப் போகிற மனுஷர், அவ்வளவுதான். "காம்பரா கட்டச் சொல்ற சட்டத்துல தேயிலை, காப்பி, ரப்பர்னுதான் தம்பி எழுதியிருக்கு. ஏலக்காய்னு எழுதல" என்றார். இதை அப்படியே வந்து பெண்களிடம் சொன்னேன். மகனின் காலில் ஒட்டியிருந்த அட்டையைப் பிய்த்துக்கொண்டிருந்த வீராயி நிமிராமலேயே சொன்னாள்: "அட்டைக்கு அது தெரியலையேண்ணே."

அடுப்பறையில் காய்ந்த சட்டம்

எண்பதுகளின் தொடக்கத்தில் டெல்லியில் யாரோ உட்கார்ந்து அந்தச் சட்டத்தில் 'ஏலக்காய்' என்ற ஒரு சொல்லைச் சேர்த்தார்கள். அவர் யாரென்று எனக்குத் தெரியாது. நல்லா இருக்கட்டும். ஐம்பது பெண்கள் வேலை செய்கிற தோட்டத்தில், அல்லது அவர்களுக்கு ஆறு வயதுக்குக் கீழே இருபது பிள்ளைகள் இருக்கிற தோட்டத்தில், பிள்ளைக் காம்பரா கட்டியே ஆக வேண்டும் என்று ஆகிவிட்டது. சட்டத்தின் சாரத்தை எல்லாரும் பார்க்கிற மாதிரித் தொங்கவிட வேண்டும் என்றும் உத்தரவு வந்தது.

முதலாளி சட்டத்தை மீறுகிறவர் இல்லை. சட்டம் போட்டு மாட்டினார், பச்சைக்காயை உலர்த்துகிற ஸ்டோரில், அடுப்புக் குழாய்க்கு மேலே. அந்தச் சூட்டில் நின்று நாலு வரி படிக்க முனிவராகத்தான் இருக்க வேண்டும். போதாததற்கு அது மலையாளத்தில் இருந்தது. பிறகு என்னைக் கூப்பிட்டு, பேரேட்டில் பெண் பெயர் நாற்பத்தொன்பதுக்கு மேல் போகக் கூடாது என்றும், பிள்ளைகளுக்குப் பேரேடே கிடையாது என்றும் சொன்னார். நான் தலையாட்டினேன். எங்கள் கங்காணி சுருளி மறுநாள் ஸ்டோருக்குள் போய், கண்ணாடிச் சட்டத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து சொன்னார்: "நல்லாத்தான் காயுது ரைட்டரே, இன்னும் ரெண்டு நாள்ல சாக்குல போட்றலாம்."

ஜீப்பில் ஏறிய அரிசி

அப்போது தமிழ்நாட்டிலிருந்து கேரளாவுக்கு ஆளுக்கு இத்தனை கிலோ அரிசிதான் கொண்டுபோகலாம் என்று கட்டுப்பாடு இருந்தது. ஒரு திங்கட்கிழமை காலையில் போடியிலிருந்து ஜீப்பில் ஏறினேன். ஆத்தா பாசத்தில் ஒரு பை நிறைய அரிசி கட்டிக் கொடுத்துவிட்டது. அளவுக்கு இரண்டு மடங்கு இருக்கும். கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப்பு ஏற ஏற, செக்போஸ்ட்டை நினைத்து நான் பையைக் காலுக்கடியில் தள்ளித் தள்ளி வைத்தேன்.

எதிரே உட்கார்ந்திருந்த இளம்பெண் என் முகத்தைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் பையை அவிழ்த்து, ஜீப்பில் வெறும் பையோடு வந்த நாலு பேருக்கும் பிரித்துப் போட்டுவிட்டாள். செக்போஸ்ட்டில் எல்லாருடைய பையையும் தூக்கிப் பார்த்தார்கள், விட்டுவிட்டார்கள். போடிமெட்டு டீக்கடையில் இறங்கியதும் நாலு பேரும் மறுபேச்சில்லாமல் என் பையில் திருப்பிக் கொட்டினார்கள். ஒரு பிடி குறையவில்லை. அந்தப் பெண்ணின் பெயர் பேச்சியம்மாள். எங்கள் தோட்டத்துக்குத்தான் வேலை தேடி வந்துகொண்டிருந்தாள். நன்றி சொன்னேன். "ஆளுக்கு எம்புட்டுன்னுதான சட்டம் கேக்குது, யாரு அரிசின்னா கேக்குது?" என்றாள்.

ஐம்பதாவது ஆள்

காயெடுப்புக் காலம். ஆள் தேவை. பேச்சியம்மாளின் கை வேகத்தைப் பார்த்த சுருளி, இவளை விடக் கூடாது என்றார். ஆனால் பேரேட்டில் ஏற்கெனவே நாற்பத்தொன்பது பெண்கள். போடிக்கு ஆள் அனுப்பி முதலாளியிடம் கேட்டோம். பதில் வெரசாகவே வந்தது. அவளை வேலைக்குச் சேர்த்துக்கொள், அவள் புருஷன் பெயரை எழுதிக்கொள்.

அவள் புருஷன் முருகன் போடியில் ஏலக்காய் மூட்டை தூக்குகிறவன். அவன் எங்கள் தோட்டத்தில் கால் வைத்ததே இல்லை. நான் பேரேட்டில் 'முருகன், ஆண்' என்று எழுதினேன். எழுதும்போது கை கூசியது, எழுதிய பிறகு பழகிவிட்டது. மறுநாள் பெயர் கூப்பிடும்போது "முருகன்" என்றேன். பேச்சியம்மாள் கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் வந்து, "இந்தா இருக்கேன், மீசைய வீட்டுல வச்சிட்டு வந்துட்டேன்" என்றாள்.

ஆண் கூலி

இங்கேதான் முதலாளி ஒரு தப்பு செய்துவிட்டார். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வேலைக்கு ஒரே கூலி என்று சட்டம் வந்து பல வருஷம் ஆகியிருந்தது. மலையேறி வர அதற்கு மட்டும் ஜீப்பு கிடைக்கவில்லை. எங்கள் தோட்டத்தில் ஆண் கூலி வேறு, பெண் கூலி வேறு. முருகன் என்று எழுதிவிட்டுப் பெண் கூலியைப் போட்டால், அதிகாரி யாராவது பார்த்து, இந்த ஆணுக்கு மட்டும் ஏன் குறைச்சல் என்று கேட்பார். அதனால் பேச்சியம்மாளுக்கு ஆண் கூலி.

இரண்டு வாரம்தான். விஷயம் பரவிவிட்டது. ஒரு நாள் காலையில் நாற்பத்தொன்பது பேரும் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்கள். சண்டை போட வரவில்லை. முகத்தில் சிரிப்புத்தான் இருந்தது. எல்லாருக்கும் முன்னால் நின்ற வீராயி சொன்னாள்: "எங்க வீட்டுக்காரரு பேரு கருப்பையா, எழுதிக்கங்க. வரிசையா எல்லாரும் சொல்றோம்."

பிள்ளைகளுக்குச் சினிமா

தோட்டங்களைச் சோதிக்கிற அதிகாரி வருகிறார் என்றால் போடிமெட்டு டீக்கடைக்கு முதல் நாளே தெரிந்துவிடும். உடனே எங்கள் தோட்டத்தில் ஒரு ஜீப்பு ஏற்பாடாகும். பிள்ளைகளை எல்லாம் அதில் அடைத்துப் போடிக்கு அனுப்ப வேண்டும், ஐம்பதாவது பெண்ணும் கண்ணில் படக் கூடாது. இரண்டுக்கும் ஒரே வழியாக, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் பேச்சியம்மாளையே அனுப்பிவைத்தோம். முதலாளி செலவில் பகல் ஆட்டம் சினிமா, முறுக்கு, ஆளுக்கொரு கலர் சோடா.

அதிகாரி மலையாளி, நேர்மையான மனுஷர், சிடுசிடு என்று இருப்பார். பேரேட்டைப் பார்த்தார், பெண்களை எண்ணினார், நாற்பத்தொன்பது. பிள்ளைகளைத் தேடினார், ஒரு குஞ்சு இல்லை. மரக்கிளையில் வெறும் சேலைத் தொட்டில்கள் ஆடிக்கொண்டிருந்தன. அவற்றை அவர் நெடுநேரம் பார்த்தார். என்னையும் பார்த்தார். நான் பேரேட்டைப் பார்த்தேன். வெட்கம் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் சரியாகத் தெரிந்துகொண்டேன். சாயங்காலம் ஜீப்பிலிருந்து இறங்கிய பேச்சியம்மாள், தூங்குகிற இரண்டு பிள்ளைகளை இரண்டு தோளிலும் போட்டுக்கொண்டு என்னிடம் வந்து, "ஆபீசர் ஐயாவ மாசம் ஒருக்கா வரச் சொல்லுங்கண்ணே, பிள்ளைக கேக்குதுக" என்றாள்.

முருகன் உண்டாயிருக்கிறான்

அடுத்த மழைக்காலத்தில் பேச்சியம்மாள் ஒரு மத்தியானம் ஆபீசுக்கு வந்து, கதவை ஒட்டி நின்றாள். "அண்ணே, உங்க முருகன் உண்டாயிருக்கான்" என்றாள். நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. பிறகு சொன்னாள். இதற்கு முன் வேறொரு தோட்டத்தில் இருந்தபோது, ஏழாம் மாதம் வயிற்றோடு சரிவில் காயெடுக்கப் போய், கால் வழுக்கி விழுந்துவிட்டாள். பிள்ளை தங்கவில்லை. அந்தத் தோட்டத்திலும் அவள் பெயர் எந்த நோட்டிலும் இல்லை. பெயர் இல்லாதவள் யாரிடம் போய் லீவு கேட்பது?

பிள்ளைப்பேற்றுக்குப் பன்னிரண்டு வாரம் சம்பளத்தோடு லீவு என்று சட்டம் இருந்தது. அதில் ஆறு வாரத்தைப் பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். ஆனால் அதற்கு அந்த வருஷத்தில் இத்தனை நாள் வேலை செய்திருக்க வேண்டும். இவள் வேலை செய்த நாளெல்லாம் முருகனுடைய நாள். முருகனுக்குப் பிரசவ லீவு எழுத எந்தச் சட்டத்திலும் இடமில்லை. பெயரை மாற்றினால் ஆண் கூலி போய்விடுமே என்று அவளுக்கு நினைவுபடுத்தினேன். தப்பிக்கத்தான் அப்படிச் சொன்னேன், மறைக்க என்ன இருக்கிறது. அவள் சொன்னாள்: "கூலி கொறஞ்சா கொறையட்டும். இந்தப் பிள்ளை எனக்கு வேணும்ணே. எம் பேர எழுதுங்க."

சிவப்பு மை

போடிக்கு இறங்கி முதலாளியிடம் சொன்னேன். "அவள நின்னுக்கச் சொல்லு தம்பி. பெத்துப் பிழைச்சு வரட்டும், திரும்பச் சேத்துக்கலாம்" என்றார். நின்றுகொண்டால் வீட்டில் அடுப்பு எரியாது, எரிய வேண்டுமென்றால் வேறு எங்காவது சரிவில் போய்க் காயெடுப்பாள். இதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்கும் வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். வேலை போனால் என்ன செய்வது என்ற பயம் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது.

திரும்பி வந்ததும் ஸ்டோருக்குப் போய், அடுப்புக் குழாய்க்கு மேலே தொங்கிய சட்டத்தைக் கழற்றிக் கீழே இறக்கினேன். மலையாளம் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும். அதை மாட்டி நாலு வருஷம் ஆகியும் அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் படித்தேன். கடந்த பன்னிரண்டு மாதத்தில் ஏதாவது ஒரு நாள் ஐம்பது பெண்கள் வேலை செய்திருந்தால்கூடப் போதும், காம்பரா கட்ட வேண்டும் என்று இருந்தது. அதாவது, பேச்சியம்மாளை எழுதிவிட்டு வீராயியை நிறுத்திக் கணக்கைச் சரிக்கட்ட முடியாது. ஒரு நாள் ஐம்பது என்றால் வருஷத்துக்கும் ஐம்பதுதான். அந்த வரியை எழுதிய மகராசனுக்கு, நம்மைப் போன்ற ரைட்டர்களையும் எங்கள் முதலாளியைப் போன்ற முதலாளிகளையும் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும்.

சிவப்பு மைப் பேனாவை எடுத்தேன். முருகன் என்று எழுதியிருந்த ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு கோடு இழுத்து, 'பேச்சியம்மாள், பெண். முன்பு எழுதியது என் பிழை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். விரல் மரத்துப்போனது. அடுத்த நாள் முதல் பஸ்சில் போடிக்குப் போய், செய்ததை நானே முதலாளியிடம் சொன்னேன். அவர் காப்பியைக் கீழே வைத்தார். பிறகு கேட்டார்: "உன்ன எழுதத்தான தம்பி வச்சேன். படிக்கச் சொன்னது யாரு?"

ஓடா, தகரமா

என்னை வேலையை விட்டு நிறுத்துவார் என்று தினமும் எதிர்பார்த்தேன். ஜீப்பு ஏறிவருகிற சத்தம் கேட்டாலே பெட்டியை ஒரு பார்வை பார்த்துக்கொள்வேன். அதற்குள் அதிகாரிதான் வந்து சேர்ந்தார். சிவப்பு மையை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். பிழைக்கு மலையாளத்தில் தெற்று என்பார்கள். "ஒரு வருஷம் முழுக்கவும் ஒரே தெற்றோ?" என்று கேட்டார். ஆமாம் சார் என்றேன். இந்தத் தடவை பிள்ளைகளைச் சினிமாவுக்கு அனுப்பவில்லை. அவை தொட்டிலிலும் புல்லிலுமாகக் கிடந்தன. எண்ணினார். இருபத்து மூன்று. கட்டடத்துக்கு ஆறு மாதம் கெடு எழுதினார். பேச்சியம்மாளுக்கு லீவு எழுதச் சொன்னார். ஒரே ஆளுக்கு இரண்டு கூலி ஏது என்று அவர் கேட்டதில், அவள் கூலியைக் குறைக்கவும் வழியில்லாமல் போனது. அதே கூலி மற்ற பெண்களுக்கு வந்து சேர இன்னும் இரண்டு வருஷம் ஆயிற்று, அது வேறு பாடு.

முதலாளி மேலே வந்தார். அதிகாரி குறித்துக் கொடுத்த இடத்தில், குடையைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்றார். மழை பிடித்துக்கொண்டது. ஆட்கள் குடியிருக்கிற பக்கத்து லயத்தின் தகரக் கூரையில் மழை விழுகிற சத்தத்தில் ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்கவில்லை. நான் ஒரு தாளில் தகரம், சட்டம், ஆணி என்று செலவு குறைந்த பட்டியல் எழுதி வைத்திருந்தேன். நீட்டினேன். வாங்கிப் பார்த்தார். அந்த மனுஷர் சொன்னதை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். "தகரம் வேண்டாம் தம்பி. இந்தச் சத்தத்துல பிள்ளை எப்படித் தூங்கும்? ஓடு ஏத்திட்டு வரச் சொல்லு."

அப்பா பெயர்

பேச்சியம்மாள் லீவில் ஊருக்குப் போனாள். அந்த வாரங்களில் போடியிலிருந்து வருகிற ஒவ்வொரு ஜீப்பையும் சுருளியும் நானும் போய்ப் பார்த்தோம், ஒருவருக்கொருவர் காரணம் சொல்லிக்கொள்ளவில்லை. ஒரு சனிக்கிழமை, மூட்டை தூக்குகிற நிஜமான முருகன் மலையேறி வந்தான். அவனை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். கையில் சீனி மிட்டாய்ப் பொட்டலம். பொம்பளைப் பிள்ளை, தாயும் பிள்ளையும் சுகம் என்றான். சுருளி தலைத்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் துடைத்துக்கொள்ளவில்லை, அதனால் எல்லாரும் பார்த்துவிட்டார்கள்.

ஓட்டுக் கூரையோடு காம்பரா தயாரானது. வீராயியின் நாத்தனாரை ஆயாவாகப் போட்டோம். பிள்ளைகளுக்கென்று புதுப் பேரேடு ஒன்று போடியிலிருந்து வந்தது. எட்டு வருஷமாகப் பேரேடு எழுதியவன், அதன் முதல் பக்கத்தைத் திறக்கும் முன் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டேன். லீவு முடிந்து பேச்சியம்மாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து, வரிசையில் முதல் ஆளாக நின்றாள். பிள்ளை பெயரை எழுதினேன். அடுத்த கட்டத்தில் 'தகப்பன் பெயர்' என்று அச்சடித்திருந்தது. முருகன் என்று எழுதப் பேனாவைக் கொண்டுபோனேன். அவள் குனிந்து, அந்தக் கட்டத்தின் மேல் விரலை வைத்தாள். "இவ அப்பன் பேரத்தான் ஒரு வருசம் பூரா எழுதுனீங்களே. இதுல எம் பேர எழுதுங்கண்ணே."

டெல்லியில் யாரோ எழுதிய ஒரு வரிக்கும் மலையில் ஒருத்தி கேட்ட ஒரு பெயருக்கும் நடுவே பேனா பிடித்ததுதான் என் மொத்த உத்தியோகமும், அதில் நான் பிழையில்லாமல் எழுதியது அந்தப் பிழைதிருத்தம் ஒன்றைத்தான்.